நேரில் போவதா, வாட்ஸ்அப்பா, லிங்க்ட்இன்னா: ஏலக்காய் லைனில் எது எடுபடும்?

கம்பம், போடி, குமுளி பக்கம் ஏலக்காய்த் தொழிலுக்குப் புதிதாக வருகிற பசங்களுக்கு இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. நாலு பேரைத் தெரிந்துகொள்ள நேரில் போய் நிற்பதா, குரூப்பில் சேர்வதா, லிங்க்ட்இன் கணக்கு தொடங்குவதா? மூன்றும் வேண்டும் என்று சொல்லி நழுவிவிடலாம், ஆனால் எனக்கு நேரில் போவதுதான் முதலில், வாட்ஸ்அப் அதற்குத் துணை, லிங்க்ட்இன்னுக்கு வேலையே வேறு.

கேரளத்து இடுக்கியில் இருக்கும் புத்தடியிலும் நம்ம போடியிலும் மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியமான ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன, 2021 முதல் இரண்டு இடத்து வியாபாரிகளும் ஒரே ஏலத்தில் விலை கேட்க முடிகிறது. ஆனால் சாம்பிளைக் கையில் கொட்டி, பச்சை நிறம் பார்த்து, தோலை உரித்து உள்ளே விதை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பது நேரில் நடக்கிற காரியம். அந்த நேரத்தில் போய் வியாபாரியிடம் கை நீட்டாதீர்கள், அவர் கவனம் காயில் இருக்கும். ஏலம் ஓடும்போதோ, கேட்கவே வேண்டாம். முடிந்து டீக்கு வெளியே வரும்போது, எந்த ஊர், என்ன செய்கிறீர்கள், யார் சொல்லி வந்தீர்கள் என்று மூன்றே விஷயம் சொன்னால் போதும்: "அண்ணே, நான் கம்பம், கம்பம்மெட்டு பக்கம் காய் எடுக்கிறேன், பெரியப்பா உங்களைப் பார்க்கச் சொன்னார்." மலையாளி என்றால் "சேட்டா" என்று ஆரம்பித்து அரைகுறை மலையாளத்தில் பேசுங்கள், பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். முதல் சந்திப்பிலேயே "சரக்கு யாருக்குப் போகுது?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது அவர் பிழைப்பு.

விசிட்டிங் கார்டு? கொடுங்கள், தப்பில்லை, ஆனால் அது சட்டையோடு துவைபட்டுப் போகும். அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்து, பெயரோடு ஊரையும் சரக்கையும் சேர்த்துப் பதியுங்கள். 'போடி 8 எம்எம்' என்று ஊரும் காயின் அளவுமாகப் போட்டு வைத்தால் ஆறு மாதம் கழித்தும் ஆள் யாரென்று தெரியும்.

வாட்ஸ்அப்பின் வேலை அன்று சாயங்காலம் தொடங்குகிறது. எங்கே பார்த்தோம், என்ன பேசினோம் என்று ஒரு வரி. பலர் கெடுத்துக்கொள்வதும் இங்கேதான்: ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத விலைப்பட்டியல், மூன்று நிமிட வாய்ஸ், கேட்காமலே குரூப்பில் சேர்த்துவிடுவது. "இருக்கீங்களா அண்ணே?" என்று அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பவர்களும் உண்டு. இருக்கிறார், விஷயத்தைச் சொல்லுங்கள்! குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம் என்றாலும், அதில் உங்கள் குரல் தெரிகிறவர் எத்தனை பேர்?

தோட்டக்காரரையும் கமிஷன் கடைக்காரரையும் லிங்க்ட்இன்னில் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார்கள். கொச்சியில் இருக்கும் ஏற்றுமதி நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி, பரிசோதனைக் கூடத்தில் இருப்பவர், வெளிநாட்டு வாங்குபவர் என்றால் அதுதான் சரியான இடம். வெறும் அழைப்பு அனுப்பாமல் ஏன் தொடர்புகொள்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சிலருக்குத்தான் அப்படி எழுத விடுவார்கள், அதனால் ஆள் பார்த்து அனுப்புங்கள்.

முகம் மட்டும் தெரிந்தவர்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் அடிக்கடி பார்க்கிற ஆள் உதவியிருந்தார், மீதிப் பேருக்கு எப்போதாவது பார்க்கிறவர். சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்து 2022-இல் வந்த ஆய்வும் ஏறக்குறைய அதையே சொன்னது, ஆனால் மிக மெல்லிய அறிமுகம் மட்டும் உள்ள ஆளைவிட ஓரளவு பழக்கமுள்ளவரே அதிகம் உதவினார். அப்படியென்றால் சீசன் இல்லாத மாதத்திலும் ஒரு போன் போட வேண்டும், ஓணத்துக்கு வாழ்த்து சொல்ல வேண்டும், மழை எப்படி என்று விசாரிக்க வேண்டும். காரியம் இருக்கும்போது மட்டும் கூப்பிடுகிற ஆளின் அழைப்பை யாரும் முதல் மணியில் எடுப்பதில்லை.

அப்புறம், ஒருவர் நம்பரை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன் எந்த வழியாக இருந்தாலும் அவரிடம் கேட்டுவிடுங்கள்.