கீறல் நீக்கும் பெட்டி: முதன்முறை பயன்படுத்தியவரின் மதிப்பீடு
ரப்பிங் காம்பவுண்ட் (பெயின்ட்டின் மேற்பரப்பை மெல்லத் தேய்த்து மெருகேற்றும் பசை), நுரைப்பஞ்சு, 3000 எண் உப்புத்தாள் ஆகியவை அடங்கிய இந்தப் பெட்டியை, என் காரின் கதவுக் கைப்பிடிக்குப் பின்னே நகம் பட்டு விழுந்திருந்த மெல்லிய கோடுகளை நீக்குவதற்காக வாங்கினேன். காரை நன்கு கழுவி, நிழலில் நிறுத்தி, பட்டாணி அளவு காம்பவுண்டை மெதுவாகத் தேய்த்தபோது அந்தக் கோடுகள் பத்தே நிமிடங்களில் மறைந்தன.

ஆனால் 'எல்லாக் கீறல்களும் போகும்' என்று அட்டையில் அச்சிட்டிருப்பது மிகை. காம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை. பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான் தடிமனே உள்ள கிளியர் கோட்டை, அதாவது நிறப் பூச்சுக்கு மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் பூச்சை, சற்றே தேய்த்து, கீறலின் விளிம்புகளை மட்டமாக்குகிறது. ஆகவே, விரல் நகத்தை ஓட்டிப் பார்க்கையில் அது சிக்கிக்கொள்ளும் அளவு ஆழமான கீறலில் இதைக்கொண்டு எவ்வளவு தேய்த்தாலும், கிளியர் கோட்தான் வீணாகும். பம்பரில் நிறப் பூச்சு போய் அடிப்பூச்சான பிரைமர் தெரிந்த இடத்துக்கு, வண்டியின் நிறக் குறியீட்டுக்குப் பொருந்தும் டச்சப் பெயின்ட்டைத் தனியே வாங்க நேர்ந்தது.

உப்புத்தாளை நீரில் நனைத்தே பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்புகூட உள்ளே இல்லாதது பெருங்குறை. நுரைப்பஞ்சோ இரண்டாம் முறையிலேயே பிய்ந்துவிட்டது. மைக்ரோஃபைபர் துணியால்தான் வேலையை முடித்தேன்.