மெயில் பெட்டியைக் காலி செய்த கதை: மூன்று வருடம் கழித்து

2022 ஜூன் 20, திங்கட்கிழமை. ஜிஎஸ்டியின் மாதாந்திரப் படிவமான 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். மதியம் பன்னிரண்டரைக்கு, நான் கணக்கு எழுதும் சேலம் செவ்வாய்பேட்டை கொலுசுப் பட்டறை அண்ணன் ஒருவர் போன் செய்தார். "சனிக்கிழமையே பில் அத்தனையும் அனுப்பிட்டேனே மேடம், நீங்க ஒண்ணும் சொல்லலையே?" எனக்கு எதுவும் வந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி அழைத்தார். அனுப்பிய மெயில் திரும்பி வந்திருக்கிறது. பெறுபவரின் இடம் நிரம்பிவிட்டது என்று அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் நீளமாக இருக்கவே ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டாராம்.

தப்பு அவருடையதில்லை. இடம் தீரப் போகிறது என்ற எச்சரிக்கை என் ஜிமெயிலின் தலைமாட்டில் மூன்று மாதமாக நின்றுகொண்டிருந்தது. தினமும் பார்த்துப் பார்த்து அது கண்ணில் படுவதே நின்றுவிட்டது. வாட்ஸ்அப்பில் பில்களை வாங்கி, ஒவ்வொன்றாக ஏற்றி முடிப்பதற்குள் இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. தாமதக் கட்டணம் 50 ரூபாய், வட்டி தனி. என் கையிலிருந்தே கட்டினேன். ஐம்பது ரூபாய் போனது ஒன்றுமில்லை. 'கணக்கு எழுதுற அம்மாவோட மெயில் பொட்டியே வழியுதாம்' என்று அந்தத் தெருவில் நாலு பட்டறைக்குச் செய்தி போனதுதான் தாங்கவில்லை.

நான் அம்மாபேட்டையில் குடியிருக்கிறேன். செவ்வாய்பேட்டையில் ஒரு மாடி அறை எடுத்து, பதினோரு கொலுசுப் பட்டறைகளுக்கும், இரண்டு ஜவ்வரிசி வியாபாரிகளுக்கும், லீ பஜாரில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கும் கணக்கு எழுதுகிறேன். 2009இல் வேலைக்கு விண்ணப்பிக்கத் தொடங்கிய ஜிமெயில் முகவரிதான் இன்றைக்கும். வீட்டுக்கும் அதுவே, தொழிலுக்கும் அதுவே. அன்றைக்கு எண்ணிப் பார்த்தால் 61,400 மெயில்கள் இருந்தன. படிக்காதவை மட்டும் 38,000க்கு மேல்.

இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். 2013இலிருந்தே அது மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. 2021 ஜூன் 1 வரை கொஞ்சம் தரம் குறைத்துச் சேமிக்கும் படங்கள் கணக்கில் சேராமல் இருந்தன. அதன்பின் ஏறிய ஒவ்வொரு படமும் சேர்கிறது. என் கணக்கில் மெயில் 9.8, போட்டோஸ் 3.5, டிரைவ் 1.6. கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் செய்தது சுத்த வீண் வேலை. ராத்திரி படுத்துக்கொண்டு போனில் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ஓடிபி, பேங்க் செய்தி, புடவைத் தள்ளுபடி என்று ஏழு நாளில் சுமார் 900 மெயில்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் 14.9 அப்படியே 14.9. இரண்டு காரணம். ஒன்று, அந்த மாதிரி மெயில்கள் எலும்பும் தோலுமானவை. ஆயிரம் சேர்ந்தாலும் ஒரு கல்யாண ஆல்பத்துக்கு ஈடாகாது. இன்னொன்று, நீக்கியவை டிராஷில் 30 நாள் உட்கார்ந்திருக்கும், அதுவரை இடமும் பிடிக்கும். டிராஷைத் தனியாகக் காலி செய்யவேண்டும் என்பது எனக்கு எட்டாம் நாள்தான் தெரிந்தது. ஆர்க்கைவ் பொத்தானையும் நம்பியிருந்தேன். அது இன்பாக்ஸிலிருந்து மறைத்துவைக்கும், அவ்வளவுதான். இடம் ஒரு கேபிகூடக் குறையாது.

அப்புறம் அளவை வைத்துத் தேடினேன். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் லார்ஜர் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 10எம் என்று போடவேண்டும். பத்து எம்பிக்கு மேற்பட்ட மெயில்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். எனக்கு வந்தவை 412. அந்த 412தான் ஆறு ஜிபிக்கு மேல். 61,000 மெயில்களில் குற்றவாளிகள் நானூற்றுச் சொச்சம் பேர்!

ஒன்றைச் சொல்கிறேன். 2015இல் மாமா மகன் கல்யாணப் படங்கள். ஒரே மெயிலில் ஒன்பது படம், 24 எம்பி. அதை நான் சித்திக்கு ஒரு தடவை, பெரியம்மாவுக்கு ஒரு தடவை, "வரலையே" என்று சொன்ன சித்திக்கே இன்னொரு தடவை, இப்படி ஐந்து முறை ஃபார்வர்டு செய்திருக்கிறேன். வந்தது ஒன்று, 'அனுப்பியவை'யில் ஐந்து. ஆறும் தனித்தனியாக இடம் பிடிக்கும். அனுப்பிய மெயிலும் நம் கணக்கில்தான் சேரும் என்பதை அதுவரை நான் யோசித்ததே இல்லை. இன்னொரு விஷயம், படமோ பிடிஎஃபோ மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். 18 எம்பி கோப்பு 24 எம்பி மெயிலாவது இப்படித்தான்.

மிச்சத்தில் பெரும்பாலானவை பில் படங்கள். பட்டறைக்காரர்கள் பில்லைத் தரையில் விரித்து, போனில் அப்படியே படம் பிடித்து அனுப்புவார்கள். ஒரு படம் நான்கு எம்பி. ஓரத்தில் அவர்கள் கால் கட்டைவிரல், ஒரு டீ கிளாஸ், சில நேரம் பாதி பின்னிய கொலுசு. டிரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது, ஆறு பக்கம் ஒரே பிடிஎஃபாகி ஒரு எம்பி சுமாருக்குள் அடங்கும் என்று பதினோரு பேருக்கும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஏழு பேர் பழகிக்கொண்டார்கள். மற்ற நாலு பேர் இன்னும் கால்விரலோடுதான் அனுப்புகிறார்கள்.

விளம்பர மெயில்களுக்குப் போனை நம்பாதீர்கள், கணினியில் உலாவியில் திறந்து செய்யுங்கள். அனுப்பியவர் பெயரில் தேடி, மேலே உள்ள கட்டத்தை டிக் செய்தால் முதலில் ஒரு பக்கத்திலுள்ள ஐம்பது மட்டும் தேர்வாகும். உடனே மேலே ஒரு வரி தோன்றும்: இந்தத் தேடலில் வந்த எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கவா என்று. அதை அழுத்திவிட்டு நீக்கினால் ஒரு கடையின் பத்து வருடத் தள்ளுபடி ஒரே மூச்சில் போய்விடும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 29,000 மெயில்களைக் கழித்தேன். அன்றைக்கு மத்தியானம் சமைக்கக்கூட இல்லை, தட்டுவடை செட்டோடு முடித்துக்கொண்டோம்.

நான் சறுக்கியதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான்.

கை வேகம் பிடித்துவிட்டது. நாலு வருடத்துக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் காட்டு என்று தேடி, அட்டாச்மென்ட் உள்ளவற்றில் பாதியைப் பார்க்காமலே தள்ளிவிட்டேன். டிராஷையும் காலி செய்துவிட்டேன். இடம் 6.1க்கு இறங்கியது. மறுநாள் பில் கொடுக்க வந்த பட்டறை அண்ணனிடம், "குப்பை எல்லாத்தையும் கூட்டித் தள்ளிட்டேங்க அண்ணா" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க பட்டறையில கூட்டுற குப்பையை நாங்க வெளிய கொட்டுறதே இல்லைங்க மேடம். சலிச்சு, உருக்கக் குடுத்தா அதுலயும் வெள்ளி வரும்."

2023 செப்டம்பரில் அவருக்கே நோட்டீஸ் வந்தது, 2017-18ஆம் வருடத்துக்கு. அந்த முதல் ஜிஎஸ்டி வருடத்துக்கான சாதாரண நோட்டீஸ்களை அனுப்ப அந்த மாதம் 30தான் கடைசி நாள் என்பதால் ஊரெல்லாம் வந்தது. கொள்முதலில் கட்டிய வரி என்று அண்ணன் கழித்துக்கொண்ட தொகையும், விற்றவர்கள் காட்டிய கணக்கும் பொருந்தவில்லை, ஆதாரம் காட்டு என்றார்கள். கொள்முதல் பில்கள் 34 வேண்டும். அத்தனையும் எனக்கு மெயிலில்தான் வந்தவை. அத்தனையையும் நான் ஒரு வருடம் முன்புதான் கூட்டித் தள்ளியிருந்தேன்.

இத்தனைக்கும் சட்டம் எனக்குத் தெரியாததில்லை. ஜிஎஸ்டி கணக்கும் ஆவணமும் அந்த வருடத்தின் ஆண்டுப் படிவக் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். 2017-18க்கான கெடு 2020 பிப்ரவரி வரை நீண்டது. ஆக 2026 பிப்ரவரி வரை அந்தப் பில்கள் என்னிடம் இருந்திருக்கவேண்டும். மற்றவர்களுக்கு இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

காப்பாற்றியது யார் தெரியுமா? அதே அண்ணனின் மெயில் பெட்டி. அவர் வாழ்க்கையில் ஒரு மெயிலைக்கூட நீக்கியதில்லை. படிக்காதவை 21,000, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. பட்டறையில், பற்றவைக்கும் தீ ஒரு பக்கம் சீறிக்கொண்டிருக்க, அவர் போனை வாங்கி 'அனுப்பியவை'யில் என் முகவரியைப் போட்டுத் தேடினேன். 31 பில்கள் கிடைத்தன. மீதி மூன்றை விற்றவரிடம் கேட்டு நகல் வாங்கினோம். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அதிலிருந்து வயதை வைத்து நீக்குவதை விட்டுவிட்டேன். அளவு, அனுப்பியவர், இந்த இரண்டுதான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு லேபிள். அவர்களின் முகவரியிலிருந்து வருவது தானாக அந்த லேபிளுக்குப் போக ஃபில்டர். லேபிள் போட்ட எதையும் தொடமாட்டேன். வருடம் ஒரு தடவை, ஏப்ரலில், கூகுள் டேக்அவுட்டில் அந்த லேபிள்களை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கி வெளி ஹார்டு டிஸ்க்கில் வைக்கிறேன். இறக்கினால் போதாது, திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். எம்பாக்ஸ் என்ற வகைக் கோப்பாக வரும், இருமுறை தட்டினால் திறக்காது. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் திறக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது போனது.

100 ஜிபியைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாமே என்று என் கணவர் கேட்டார். அப்போது மாதம் 130 ரூபாய், நியாயமான கேள்விதான். வெறும் இடப் பிரச்சினை என்றால் வாங்கிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். எனக்கு இடத்தைவிடத் தேடிக் கிடைக்காததுதான் பிரச்சினையாக இருந்தது. 61,000இல் ஒரு பில்லைத் தேடுவது, பரணில் பஞ்சாங்கம் தேடுகிற மாதிரி. ஒரே தட்டில் சுத்தம் செய்துதருகிறோம் என்று வரும் ஆப்களின் பக்கம் மட்டும் போகவில்லை. முழுப் பெட்டியையும் படிக்க அனுமதி கேட்கிறார்கள். அதில் இருப்பது அடுத்தவர்களின் பான் எண்ணும் பேங்க் கணக்கும்.

இனி மெயில் வரத்து பற்றி. ஏரியை எத்தனை இறைத்தாலும் வாய்க்கால் திறந்திருந்தால் என்ன பயன்? மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள், அதாவது ஜிமெயில்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள், ஒரே அழுத்தில் விலகும் வசதி தந்தாகவேண்டும் என்று கூகுள் 2024இல் விதித்தது. அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அன்சப்ஸ்க்ரைப் என்று தெரியும். அதற்கு முன் மெயிலின் அடியில் எறும்பெழுத்தில் தேடித் திரிந்தோமே, அந்த வேலை குறைந்தது. 2025இல் சந்தாக்களை எல்லாம் ஒரே பட்டியலில் காட்டும் பக்கமும் வந்துவிட்டது. யார் அதிகம் அனுப்புகிறார்களோ அவர்கள் மேலே. நான் ஒரே நாளில் 70 பேரிடமிருந்து விலகினேன். முன்பின் தெரியாத மோசடி மெயிலில் மட்டும் விலகும் இணைப்பைத் தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதை ஸ்பேமில் தள்ளுவதே சரி.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் பெரியம்மா வீடு. காபித் தோட்டத்துக்குள் தள்ளி இருப்பதால் போனில் சிக்னல் பெயருக்குத்தான். 2022க்கு முன் அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு இறங்கினால், கொண்டை ஊசி வளைவு இருபதில் பாதி தாண்டும்போது பையில் போன் அலற ஆரம்பிக்கும். அடிவாரம் வருவதற்குள் 150 மெயில் வந்து சேர்ந்திருக்கும், பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்ப்பார். போன மே மாதம் இறங்கும்போது பதினொன்று வந்தது. நாலு வாடிக்கையாளர்கள், மீதி ஓடிபி, பேங்க். ஓடிபிக்கும் ஒரு லேபிள் வைத்திருக்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் மொத்தமாகக் கழிப்பேன். ஜிமெயிலில் இத்தனை நாள் கழித்துத் தானாக அழியும்படி வைக்க ஃபில்டரில் வழியில்லை, கையால்தான்.

தீராத ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பெயரும் இனிஷியலும்தான் முகவரி. இனிஷியலை முன்னே போடுவோம், பின்னே போடுவோம், நடுவில் புள்ளி வைப்போம். ஜிமெயிலுக்குப் புள்ளி கணக்கே இல்லை, வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே முகவரி. என் பெயரும் இனிஷியலும் கொண்ட இன்னொருத்தி எங்கேயோ இருக்கிறாள். புள்ளி வைத்தால் வேறு முகவரி ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, ஆறு வருடமாக அவளுடைய கரண்ட் பில் ரசீது, பையனின் பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் எனக்கு வருகின்றன. அனுப்புகிறவர்களுக்கு இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், பலனில்லை. விலகுவதற்கு அது விளம்பரமும் இல்லை, ஸ்பேம் என்று தள்ள மனசும் வரவில்லை. அவளுக்கென்று ஒரு லேபிள் போட்டு வைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது திறந்து பார்த்தேன். 15இல் 8.3 ஜிபி. படிக்காதவை 23. அதில் மேலே இருப்பது, பிரீமியம் கட்ட இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்று அவளுக்கு வந்தது.