சிகிச்சையில் கவனக்குறைவு: நுகர்வோர் ஆணையமா, சிவில் கோர்ட்டா?

கும்பகோணத்துக்காரருக்குத் திருச்சி தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். வயிற்றுக்குள் பஞ்சுத் துணி தங்கிவிட்டது என்று வையுங்கள். இழப்பீட்டுக்கு நுகர்வோர் ஆணையமே மேல். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே மனு போடலாம். மருத்துவமனைக்குக் கட்டியது 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. தாமதமானால் தக்க காரணம் காட்ட வேண்டும்.

எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி அடைபடும்; 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அப்படி. சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் கட்டியிருந்தால் அது இலவசமாகாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மற்றபடி சிவில் வழக்குதான்: அரசுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி முன் நோட்டீஸ், 2 மாதக் காத்திருப்பு, கேட்கும் தொகைக்கேற்ற கோர்ட் கட்டணம். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இங்கேதான் முழு வாய்ப்பு.

எங்கே போனாலும் முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, பஞ்சு எண்ணிய கணக்கு, நர்ஸ் குறிப்பு எல்லாம் வேண்டும். பஞ்சு விஷயத்தில் ஸ்கேனும் இரண்டாவது ஆபரேஷன் குறிப்புமே பேசும். மருந்து, நோயறிதல் தவறு என்றால் வேறொரு நிபுணரின் கருத்து இல்லாமல் வழக்கு பெரும்பாலும் நிற்காது.