பேனாவில் வரி வெட்ட மலிவு மில்லிங் செட்: உப்புக்காற்றில் ஓட்டிப் பார்த்தது

பேனா கடைசல் பிடிக்கிறவர்கள் "மில்லிங் அட்டாச்மெண்ட்" என்ற பெயரைப் பார்த்துவிட்டு, சின்ன லேத்துக்கு வரும் வெர்டிகல் ஸ்லைடை வாங்கிவிட வேண்டாம். சாவிக்காடி (தண்டில் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) வெட்டவும் பித்தளைத் துண்டைச் சமதளமாக்கவும் அது நல்ல சாமான்தான். பேனா உடம்பில் வரி, அதாவது நீளவாக்கில் பள்ளக்கோடு, போட மட்டும் தோதுப்படாது.

அதில் வேலைத்துண்டு ஸ்லைடில் உட்காரும், கட்டர் லேத்தின் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலில் சுற்றும். மினி லேத் ஸ்பிண்டில் மிஞ்சிப்போனால் நிமிடத்துக்கு 2,500 சுற்று. 3 மிமீ கட்டரின் விளிம்பு அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 24 மீட்டர்கூட ஓடாது. மரத்தை வெட்டுவதற்குப் பதில் பிய்க்கும். அதே கட்டரை ரோட்டரி டூலில் (கையில் பிடிக்கும் அதிவேகச் சுழல் கருவி) 20,000 சுற்றில் விட்டால் 188 மீட்டர். ஆகவே ஏற்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும்: பேனா மாண்ட்ரலில் (பேனாத் துண்டைக் கோத்து லேத்தில் மாட்டும் கம்பி) இருக்கட்டும், சுற்றுகிற கட்டர் லேத்தில் உளி பிடிக்கும் டூல் போஸ்ட்டில் ஏறட்டும். அமெரிக்காவின் பீல் (Beall) நிறுவனம் செய்த, பேனாவில் வரி வெட்டும் பென் விசார்ட் கருவியும் ரோட்டரி டூலை வைத்து இப்படித்தான் வெட்டுகிறது. ஆனால் இறக்குமதி வரியும் கூரியர் செலவும் சேர்த்துப் பார்த்தால் பொழுதுபோக்குக்குக் கட்டுப்படியாகாது.

ரோட்டரி டூலை டூல் போஸ்ட்டில் நிறுத்தும் என்னுடைய பிடி, படகு ஷாஃப்ட் வேலை பார்க்கும் பாம்பன் லேத் பட்டறையில் அலுமினியப் பிளேட்டில் செய்தது. பட்டறைத் தம்பி டூலைக் கையில் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கழுத்தை மட்டும் புடிச்சாப் பத்தாது. பின்னாடியும் ஒரு தாங்கு குடுங்க, இல்லாட்டி அதிரும்" என்றார். அந்தப் பின்தாங்கு இல்லாமல் வெட்டினால் வரியின் அடியில் சின்னச் சின்ன அலை விழுகிறது. உப்புத்தாள் போட்டாலும் போகாது, பாலிஷ் ஏற ஏறத்தான் பளிச்சென்று தெரியும்.

ரோட்டரி டூல் வாங்கும்போது வாட்டைப் பார்க்காதீர்கள். கட்டரைக் கவ்வும் கோலெட்டில் ஒரு கட்டரை மாட்டி, நுனியை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் அந்த டூல் வேண்டாம்.

வரிகளைச் சமமாகப் பிரிக்கத் தனியாக டிவைடிங் ஹெட் எதற்கு? லேத்தோடு வந்த 60 பல் கியரை ஸ்பிண்டிலின் பின்பக்கம் மாட்டி, பல்லிடுக்கில் விழுகிற மாதிரி ஸ்பிரிங் வைத்த ஆணி ஒன்று அமைத்தால் 5, 6, 10, 12, 15, 20 வரிகள் கிடைத்துவிடும். 8 வரி வேண்டுமென்றால் 80 பல் கியர். ஸ்லிம்லைன் என்ற மெல்லிய வகைப் பேனாவின் சுற்றளவு சுமார் 26 மிமீ. 12 வரி போட்டால் இடைவெளி 2 மிமீக்குக் கொஞ்சம் மேல். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். 20 போட்டால் கையில் சொரசொரப்பு.

இனிதான் முக்கியமான இடம். ஸ்லிம்லைனில் மரத்துக்குள் இருக்கும் பித்தளைக் குழாய் 7 மிமீ, எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று காட்டும் புஷ்ஷிங் வளையம் சுமார் 8.3 மிமீ. அப்படியானால் குழாய்க்கு மேல் மரம் முக்கால் மில்லிமீட்டர்கூடக் கிடையாது. 0.4 மிமீ ஆழத்துக்கு மேல் நான் போவதில்லை. மாண்ட்ரலை லேத்தின் மறுமுனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கால் இறுக்கிப் பிடித்தால் அந்த மெல்லிய கம்பி வில்லாய் வளையும். ஒரு பக்கம் வரி மேலோடு நிற்க, எதிர்ப்பக்கம் பித்தளை பல்லிளிக்கும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய இணைப்பாக இருந்தாலும் இதற்கு மருந்து கிடையாது. உடம்பை நடுவில் உப்பலாகக் கடைந்தாலும் வம்புதான்: கட்டர் நேர்கோட்டில் ஓடுவதால் நடுவில் ஆழமும் ஓரத்தில் வெறும் கீறலுமாக வரும். வரி போடும் பேனாவை நேர் உருளையாகவே கடையுங்கள்.

மரத்துக்கு இந்தப் பக்கம் பஞ்சமா என்ன. ஊரே திட்டுகிற சீமைக் கருவேலம் கடைசலுக்குத் தங்கம். காய்ந்தபின் சுருங்குவதும் முறுக்குவதும் மிகக் குறைவு, வரியின் விளிம்பு கூராக நிற்கும். வைரம் பாய்ந்த பூவரசும் நன்றாக வரும். பனை மட்டும் படுத்தும். கறுப்பு நாருக்கு நடுவே சோறு மெத்தென்று இருப்பதால், கட்டர் வெளியேறும் பக்கம் நார் சிலிர்த்துக்கொள்ளும். தண்ணீராய் ஓடும் சூப்பர் குளூவை ஊறவிட்டு, காய்ந்தபின் வெட்டினால் அடங்கும். கருவேலத்தில் வெட்டிய வரிக்குள் சங்குத்தூள் கலந்த எபாக்சிப் பசையை நிரப்பி மறுபடி கடைந்தால் வெள்ளைக் கோடு எடுப்பாக இருக்கும். கீழக்கரைப் பக்கம் சங்குக்கா குறைச்சல்? தூளைக் கையாளும்போது மட்டும் நல்ல முகமூடி அவசியம்.

முறுக்கு வரியும் முடியும். 80-20 கியர் ஜோடி இரண்டைத் தொடுத்தால் விகிதம் 16: ஸ்பிண்டில் ஒரு சுற்றுச் சுற்ற, டூல் போஸ்ட்டை நகர்த்தும் திருகுத் தண்டான லீட்ஸ்க்ரூ 16 சுற்றுச் சுற்றும். லீட்ஸ்க்ரூ பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 1.5 மிமீ என்றால் ஒரு முழு முறுக்குக்கு 24 மிமீ. மோட்டாரைத் தொடாமல், லீட்ஸ்க்ரூ பக்கமிருந்து கையால் சுற்ற வேண்டும். ஸ்பிண்டில் பக்கமிருந்து சுற்றினால் கியர் முரண்டு பிடிக்கும். இதைவிட நீளமான முறுக்கு வேண்டும் என்பவர்கள் தனிக் கருவிக்கே போகலாம்.

வாடைக்காற்று மாதங்களில் துருதான் பெரிய எதிரி. ஸ்லைடு வழுக்கி ஓடும் டவ்டெயில் தடம் ஒரே ராத்திரியில் செம்பட்டை பூத்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி, ஸ்லைடின் ஆட்டத்தைச் சரிசெய்யும் ஜிப் (gib) பட்டையைப் பிடித்துக்கொள்கிறது. தையல் மெஷின் எண்ணெயே தேவலை. மாண்ட்ரலையும் கோலெட்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றி டப்பாவில் போட்டுவிடுகிறேன். வெட்டும் நடுவில் கரண்ட் போனால் கட்டர் நின்ற இடத்தில் வடு விழும் என்பதால், ரோட்டரி டூல் மட்டும் இன்வெர்ட்டர் லைனில் ஓடுகிறது. அதன் கார்பன் பிரஷ் தேய்ந்தபோது அதே அளவில் ராமநாதபுரத்தில் கிடைக்கவில்லை. கிரைண்டர் பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டேன், இன்றுவரை ஓடுகிறது.