இஸ்லா முஹேரெஸ்: சிறு பிள்ளைகளோடு தங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

மெக்சிகோவின் கரீபியக் கரையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போவதற்கு ஓர் ஊரைச் சொல்லும்படி கேட்டால், பெயர் பெற்ற கான்குன், துலூம், பிளாயா தெல் கார்மென் ஆகியவற்றை விட்டுவிட்டு, கான்குனிலிருந்து படகில் ஏறினால் 20 நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய இஸ்லா முஹேரெஸ் தீவையே நான் சொல்வேன். ஓட்டலின் தரமோ உணவின் சுவையோ இதற்குக் காரணம் அல்ல. கடற்கரை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதுதான் காரணம். கான்குனின் ஓட்டல் வரிசையில் பெரும்பகுதி கிழக்கே திறந்த கடலைப் பார்த்திருப்பதால், அங்கே அலை ஓங்கி அடிப்பதும், கால் ஊன்றி நிற்கும் பெரியவரையே நீரோட்டம் இழுப்பதும் வழக்கம். இஸ்லா முஹேரெஸின் வடமுனையில் உள்ள பிளாயா நோர்த்தே வடமேற்கைப் பார்த்திருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் அலையைத் தீவே குறுக்கே கிடந்து தடுத்துவிடுகிறது. ஏழு வயது மகனும் மூன்று வயது மகளும் உடன் வரும்போது ஓட்டலின் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட இதைக் கவனிப்பது முக்கியம் என்பது என் கருத்து.

பிளாயா நோர்த்தேயின் நீர் நெடுந்தூரம் நடந்தாலும் பெரியவர்களுக்கு இடுப்பளவைத் தாண்டுவதில்லை. மணல் மாவைப் போல நுண்ணியது. பவளமும் சிப்பியும் பொடிந்து உண்டான வெள்ளை மணல் என்பதால் நண்பகலிலும் காலைச் சுடுவதில்லை. கணுக்கால் அளவு நீரில் உட்கார்ந்து வாளியில் மணல் அள்ளிக்கொண்டிருந்த என் மகளின் முழங்காலைச் சுற்றி, விரல் நீள மீன்கள் நிறமே இல்லாதவை போலத் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. அவற்றைப் பிடிக்கும் முயற்சியிலேயே அவளுடைய காலைப்பொழுது கழிந்தது. இருந்தாலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஆழமற்ற மணலில் சில வேளை திருக்கை மீன் புதைந்து கிடக்கும் என்பதால், காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதிர்வு தெரிந்ததும் அது தானே விலகிப் போய்விடும். அடுத்தது கொடி. பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து, கறுப்பு என்றால் கடலில் இறங்கவே கூடாது. வடமுனையில் பச்சை பறக்கும் அதே நாளில், சில நிமிட நடையில் உள்ள கிழக்குக் கரையில் அலை பாறையில் மோதி ஆளுயரம் எழும்பிக்கொண்டிருக்கும். அந்தக் கரையோர நடைபாதை மாலையில் உலாவ அருமையான இடம். ஆனால் அங்கே கடலில் இறங்குவதற்குப் பிள்ளைகளை அனுமதிக்கவே கூடாது.

சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசித் தொல்லையிலும் இதே திசைக் கணக்குதான் உதவுகிறது. 2011 முதல் கரீபியக் கடலெங்கும் பெருந்திரளாக மிதந்து வரும் இந்தப் பாசி, ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கிழக்கு நோக்கிய கரைகளில் குவிந்து அழுகி, முட்டை கெட்டது போன்ற நாற்றத்தைப் பரப்பும். துலூமில் ஆயிரக்கணக்கில் செலவழித்து அறை எடுத்துவிட்டுக் கடலுக்குள் கால் வைக்க முடியாமல் திரும்பியவர்கள் பலர். பிளாயா நோர்த்தேயில் அது அறவே வராது என்று சொல்ல முடியாது. ஆனால் தீவின் கிழக்குக் கரையில் வண்டி வண்டியாக வாரிக்கொண்டிருக்கும் நாளிலும் இங்கே ஓரத்தில் ஒரு கோடு மட்டுமே கிடக்கும்.

இந்த ஊரின் பெரிய குறை பகல் நேரக் கூட்டம். காலை பதினொரு மணி வாக்கில் கான்குனிலிருந்து சுற்றுலாப் படகுகள் வந்து சேர்ந்ததும், உரத்த இசையும் கையில் மதுக்கோப்பையுமாக ஆட்கள் இறங்கத் தொடங்குவார்கள்; பிற்பகல் நான்கு மணிக்கு மேல்தான் அந்த ஆரவாரம் அடங்கும். அதனால் கான்குனில் தங்கிக்கொண்டு ஒரு நாளைக்கு மட்டும் தீவுக்குப் போய்வரலாம் என்று நினைப்பவர்கள், அதன் மோசமான நேரத்தை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தீவிலேயே, அதுவும் படகுத்துறைக்கும் வடமுனைக்கும் இடைப்பட்ட ஊர்ப்பகுதியிலேயே அறை எடுத்தால், காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை கடற்கரை ஏறக்குறைய நம் பிள்ளைகளுக்கே சொந்தம். வெயில் ஏறியதும் அறைக்கு நடந்து வந்து, சாப்பிடவைத்து, தூங்கவைத்து, நான்கரை மணிக்கு மறுபடியும் போனால் கடலுக்குள் சூரியன் இறங்குவதையும் பார்க்கலாம். கிழக்கு நோக்கிய ஊர்களில் அது கிடைக்காது. தீவின் நடுப்பகுதியிலும் தென்பகுதியிலும் வாடகை குறைவு, வீடுகளும் விசாலம். ஆனால் ஒவ்வொரு முறையும் வண்டி தேட வேண்டியிருப்பதால், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிறவர்களுக்கு அந்தச் சேமிப்பு சேமிப்பாகத் தெரியாது.

கடற்கரையில் குடையும் சாய்நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து என்பதால் சொந்தத் துணியை விரித்து உட்காருவதைத் தடுக்க எவருக்கும் உரிமை இல்லை. அப்படியிருந்தும் நான் வாடகை கொடுத்தே உட்கார்ந்தேன். அந்த நாற்காலியோடு சேர்ந்து ஒரு கழிப்பறையும் கிடைக்கிறது என்பதைப் பிள்ளை பெற்றவர்கள் புரிந்துகொள்வார்கள். உட்காருவதற்கு முன், தொகை பெசோவிலா டாலரிலா, குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முழுக்கை நீச்சல் சட்டை அணிவித்தால் சன்ஸ்கிரீன் பூசும் போராட்டம் பாதியாகக் குறையும். பவளப்பாறைகளை ஒட்டிய பூங்காக்களில் சாதாரண சன்ஸ்கிரீனை அனுமதிப்பதில்லை. துத்தநாக ஆக்சைடு கலந்த வகையை ஊரிலிருந்தே கொண்டுபோவது நல்லது, ஏனென்றால் தீவில் அதன் விலை மலைக்க வைக்கும்.

போய்ச் சேரும் வழியைப் பொறுத்தவரை, கான்குன் விமான நிலையத்தில் சுங்கச் சோதனை முடிந்து வெளியே வரும் கூடத்தில் சீருடை அணிந்து நின்று அழைப்பவர்கள் தகவல் மைய ஊழியர்கள் அல்லர். பெரும்பாலும் விடுமுறை இல்லப் பங்குகளை விற்பவர்கள். நிற்காமல் நடந்துவிட வேண்டும். டாக்சிகளில் குழந்தை இருக்கை இராது என்பதால், இருக்கையோடு கூடிய வேனை முன்கூட்டியே பதிவு செய்து புவெர்த்தோ ஹுவாரெஸ் துறைக்குப் போவதே சிறந்தது. அங்கிருந்து அல்ட்ராமார் நிறுவனத்தின் படகுகள் நாள் முழுவதும் அடிக்கடி புறப்படுகின்றன. ஓட்டல் வரிசையில் உள்ள துறைகளிலிருந்தும் படகு உண்டு என்றாலும் அவற்றில் கட்டணம் அதிகம், எண்ணிக்கை குறைவு. மேல்தளத்தில் காற்றும் காட்சியும் நன்றாக இருக்கும், சில வேளை பாட்டுக்காரர்கூட இருப்பார். வாந்தி எடுக்கும் இயல்புள்ள குழந்தை இருந்தால் கீழ்த்தளத்தின் பின்பகுதியில் உட்காருவது உசிதம்.

தீவின் நீளம் சுமார் 7 கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. இதைச் சுற்றிப் பார்க்க எல்லோரும் கோல்ஃப் வண்டியை வாடகைக்கு எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் தீவில் எனக்குக் கவலை தந்தது கடலைவிட இந்த வண்டிதான். பின்னிருக்கை பின்னோக்கிப் பார்த்திருக்கும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. சாலையில் வேகத்தடைகள் வேறு வரிசையாக வரும். ஓட்டுபவர் ஒன்றைக் கவனிக்கத் தவறினால் பின்னால் இருக்கும் சிறுவன் எழும்பி விழுவான். சிறு குழந்தை முன்னிருக்கையில் பெரியவரை ஒட்டி உட்கார வேண்டும். பின்னிருக்கையில் இன்னொரு பெரியவர் இருந்தால் மட்டுமே மூத்த பிள்ளையை அங்கே விடலாம். வண்டியை எடுக்கும்போதே நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். நாங்கள் எடுத்த கடையில், ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டிப் பணம் கேட்டார்கள். படத்தைக் காட்டிய பிறகே பேச்சு முடிந்தது.

உணவில் நம் பிள்ளைகளுக்கு இந்த ஊர் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஒத்துவருகிறது. தோர்த்தியா என்னும் சோள ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கேசதியா, அவகாடோவைப் பிசைந்த குவாகமோலே, முட்டை, பப்பாளி, மாம்பழம் ஆகியவை எங்கும் கிடைக்கும். மாம்பழத் துண்டின் மீது எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் தூவித் தெருவில் விற்பதைப் பார்த்ததும், உப்பும் காரமும் தொட்டு மாங்காய் தின்று பழகிய என் மகன் யாரிடமும் கேட்காமலே வரிசையில் போய் நின்றுவிட்டான். ஆனால் சைவம் சாப்பிடுபவர்கள் விசாரித்துத்தான் சாப்பிட வேண்டும். கறுப்பு பீன்ஸ் மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும், சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் அங்கே சாதாரணம். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழியும் மீனும் தட்டுக்கு வந்துவிடும். கோழி, மீன், கொழுப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். மேசைக்கு முதலில் வரும் சின்னக் கிண்ணங்களைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் நகர்த்தி வைப்பதும் கட்டாயம். கேரட் துவையல் போலச் சாதுவாகத் தெரியும் அந்தச் செம்மஞ்சள் சட்னி ஆபனேரோ மிளகாயில் அரைத்தது. ஆந்திரக் காரம் தின்று வளர்ந்தவர்களுக்கே கண்ணில் நீர் வரும்.

இரவில் ஊர்ச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் மார்க்கெசித்தா வண்டி நிற்கும். இரண்டு வட்டத் தட்டுகளுக்கு இடையே மாவை ஊற்றி, அடுப்பின் மேல் புரட்டிப் புரட்டிச் சுட்டு, உருண்டை வடிவ ஈடம் பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி, சூடு ஆறுவதற்குள் விற்பவர் சுருட்டிக் கொடுப்பார். ஆறியதும் அப்பளம் போல நொறுங்கும். வெளியே இனிப்பும் உள்ளே உவர்ப்புமான இந்த யுகாத்தான் தீபகற்பத்துப் பண்டத்துக்காகவே என் மகள் இரவுச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தத் தொடங்கினாள். ஊர்க் குழந்தைகள் அந்தச் சதுக்கத்தில் பத்து மணி வரை பந்து விளையாடுகிறார்கள். மொழி தெரியாத என் மகனையும் சேர்த்துக்கொண்டார்கள். இந்தத் தீவில் காசு கொடுத்துப் பெற்ற எந்தப் பொழுதுபோக்கும் அதற்கு ஈடாகவில்லை.

குழாய் நீரைக் குடிக்கக் கூடாது. பல் தேய்க்கவும் பெரிய குடுவைத் தண்ணீரையே பயன்படுத்தினோம். உணவகங்களில் தரும் நடுவே துளையுள்ள பனிக்கட்டி, சுத்திகரித்த நீரில் ஆலையில் செய்தது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. தீவின் நடுப்பகுதியில் உள்ள செத்ராவி பேரங்காடியில் பால், டயப்பர், அரிசி, இனிப்பில்லாத தயிர் எல்லாம் கிடைப்பதால், அடுப்புள்ள அறை எடுத்தவர்கள் ஒரு வேளை தயிர்ச்சோற்றோடு சமாளிக்கலாம். சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களின் மீது 2020 முதல் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரை அச்சிடப்படுகிறது. மொழி தெரியாத பெற்றோருக்கும் அது உதவும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் மருந்தகங்களில் மலிவாகக் கிடைக்கும். பல மருந்தகங்களை ஒட்டியே குறைந்த கட்டணத்தில் மருத்துவர் பார்க்கும் சிற்றறையும் உண்டு. காய்ச்சல் மருந்தையும் அதை ஊற்றும் அளவுக்குழலையும் மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப்போகலாம். டெங்கு உள்ள பகுதி என்பதால் மாலையில் கொசு விரட்டி பூச மறக்கக் கூடாது.

சுற்றிப் பார்க்கும் இடங்கள் அதிகம் இல்லை. சிறு பிள்ளைகளுக்கு அது நல்லதே. தென்முனையான புந்தா சூரில், பிள்ளைப்பேற்றுக்கும் மருத்துவத்துக்கும் உரிய மாயா இனத்தவரின் தெய்வமான ஈஷ்செல்லின் சிறு கோயில் இடிபாடும், வெயில் காயும் இகுவானா ஓணான்களும் உள்ளன. பாறை விளிம்பு செங்குத்தானது. ஓடும் வயதுக் குழந்தையின் கையை விடக் கூடாது. ஆமைப் பண்ணைக்கு, திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை நடக்கும் திமிங்கலச் சுறா பயணத்தை எல்லாக் கடைகளிலும் குடும்பச் சுற்றுலா என்றே விற்கிறார்கள். சிறு படகில், நிழல் குறைந்த திறந்த கடலில், பாதி நாளுக்கு மேல் ஆடிக்கொண்டே போகும் அதை, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருந்தால் தனியாக மெக்சிகோ விசா பெற வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் கடவுச்சீட்டிலும் விசா நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துச் செல்வதானால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் கையில் இருப்பது நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை, மார்ச், ஏப்ரல் மாதங்களே பிள்ளைகளுக்கு ஏற்றவை. டிசம்பர், ஜனவரியில் வெயில் இதமாக இருந்தாலும், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாள்களில் வடக்கு நோக்கிய பிளாயா நோர்த்தேதான் முதலில் கலங்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்பதால், மூன்று இரவுகளுக்குக் குறைவாக அறை எடுப்பவர்களுக்கே அது இழப்பு. செப்டம்பர், அக்டோபரில் வாடகை பாதியாக இறங்குவது புயல் பருவத்தின் உச்சம் என்பதால்தான். அப்போது போவதானால் பணத்தைத் திருப்பித் தரும் முன்பதிவை மட்டுமே செய்ய வேண்டும்.