டெக்சாஸ் கிராமத்து கவுன்ட்டி கோர்ட்டில் ஒரு அத்துமீறல் வழக்கு: எங்கள் அனுபவம்

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைந்த ஒன்றை நாங்கள் முதலில் பிடித்த வக்கீல் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், கோர்ட்டின் மேல் எனக்குப் பெரிய குறை கிடையாது.

சித்தி பையன் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் எம்.எஸ். படிக்கிறான். ஏப்ரல் மாதம் புளூபானெட் பூக்கள் பார்க்கப் போன இடத்தில், ஒரு பழைய தகரக் கொட்டகையைப் படம் எடுக்கக் கம்பி வேலியைத் தாண்டி உள்ளே போய்விட்டான். "போர்டு எதுவுமே இல்ல அண்ணா" என்று சத்தியம் செய்தான். அடுத்த வாரம் நான் ரோட்டில் நின்றபடியே பார்த்தேன். போர்டு இல்லைதான், ஆனால் சீடர் மரக் கம்பங்களில் இடுப்பு உயரத்தில், சாண் நீளத்துக்கு, வெயிலில் வெளுத்த ஊதா பெயின்ட் கோடுகள் இருந்தன. டெக்சாஸில் 1997-லிருந்து அந்த ஊதாக் கோடே எச்சரிக்கைப் பலகைக்குச் சமம். குறைந்தது 8 அங்குல நீளம், 1 அங்குல அகலம் இருக்க வேண்டும். காட்டு நிலமாக இருந்தால் 100 அடிக்குள் ஒன்று, மற்ற நிலமாக இருந்தால் 1000 அடிக்குள் ஒன்று. கோடே இல்லாவிட்டாலும் மாடு வெளியே போகாமல் இருக்கப் போட்ட வேலி போதும், அதுவே உள்ளே வராதே என்று சொன்ன மாதிரிதான்.

விவசாய நிலத்தில் எல்லையிலிருந்து 100 அடிக்குள் நின்றிருந்தால் அது கிளாஸ் சி என்கிற சின்னக் குற்ற வகை. 500 டாலர் வரை அபராதத்தோடு போகும், ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் என்கிற சின்ன கோர்ட்டிலேயே முடிந்திருக்கும். கொட்டகை அதைத் தாண்டி உள்ளே இருந்தது, அதனால் கிளாஸ் பி: 180 நாள் வரை சிறை, 2000 டாலர் வரை அபராதம். ஒரு இரவு கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் இருந்துவிட்டு மறுநாள் பாண்ட், அதாவது ஜாமீன், கட்டி வெளியே வந்தான். சித்திக்கு அன்றைக்குச் சொல்லவே இல்லை.

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன். டெக்சாஸில் 254 கவுன்ட்டிகள். இந்த மாதிரி சின்ன கவுன்ட்டிகளில் வழக்கைக் கேட்கும் கவுன்ட்டி ஜட்ஜ்தான் நிர்வாகத்துக்கும் தலைவர், அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நேரில் பார்த்தபோது பயம் குறைந்தது. காலை 9 மணிக்குக் கதவில் பெயர்ப் பட்டியலை ஒட்டுகிறார்கள், ஜட்ஜ் வருவதற்கு முன்னாலேயே கவுன்ட்டி அட்டர்னி (அங்கே அரசு வக்கீல் அவர்தான்) ஒவ்வொருவரையும், வக்கீல் வைத்திருந்தால் வக்கீலையும், வராந்தா பெஞ்சுக்குக் கூப்பிட்டுப் பேசுகிறார். பெரும்பாலான வழக்குகள் அந்த பெஞ்சிலேயே முடிவாகிவிடுகின்றன. ஜட்ஜ் முன்னால் நடப்பது ஐந்து நிமிடம்.

முதல் வாய்தாவில்தான் தப்பு நடக்கப் பார்த்தது. எங்கள் வக்கீல் ஒரு காகிதத்தோடு வந்தார். டெஃபர்ட் அட்ஜுடிகேஷன்: வழக்கை எதிர்க்கவில்லை என்று சொல்லிவிட்டு ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் தண்டனைப் பதிவு இருக்காது என்றார். "அண்ணா, ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சிடுமாம்" என்று இவன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டான். நான் கையைப் பிடித்தேன். டெக்சாஸ் சட்டத்தில் அது தண்டனை ஆகாது, ஆனால் குடியேற்றச் சட்டத்தில் ஆகும். குற்றத்தை ஒப்புக்கொண்டாலோ எதிர்க்கவில்லை என்றாலோ, கூடவே ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டால், அவர்கள் கணக்கில் அது தண்டனைதான். விசாவில் இருப்பவரிடம் இப்படிப்பட்ட விளைவுகளைச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-லேயே பாடில்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவர் விசா என்ற வார்த்தையைக்கூட எடுக்கவில்லை. 2025 ஏப்ரலில் சின்னச் சின்ன வழக்குகளுக்காக, சிலருக்குத் தள்ளுபடியான வழக்குகளுக்காகக்கூட, ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவுகளை (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) ரத்து செய்து, கோர்ட்டுகள் தலையிட்ட பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகும் ஒருவர் இப்படிக் காகிதத்தை நீட்டினால் கோபம் வராதா?

வாய்தா கேட்டோம், முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள். பக்கத்து கவுன்ட்டியிலிருந்து வேறு வக்கீலைப் பிடித்தோம். அவர் கேட்டது ப்ரீட்ரயல் டைவர்ஷன். கோர்ட்டில் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை, கவுன்ட்டி அட்டர்னியோடு ஒரு ஒப்பந்தம், நிபந்தனைகளை முடித்தால் வழக்கு டிஸ்மிஸ். ஆனால் அவர்கள் கொடுத்த அச்சடித்த படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் 'குற்றம் செய்ததை ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது. வக்கீல் அதைக் கறுப்புப் பேனாவால் அடித்தார், கவுன்ட்டி அட்டர்னி ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். நாங்கள் கொடுத்த மொத்தப் பணத்துக்கும் அந்த ஒரு கோடு போதும். படிவத்தை ஒரு வரி விடாமல் படிக்கும் வக்கீலைத்தான் தேட வேண்டும்.

அட்டர்னி கேட்ட முதல் கேள்வி, நிலத்துக்காரர் என்ன சொல்கிறார் என்பது. சின்ன ஊரில் அந்த ஒரு ஆளின் வார்த்தைக்கு அவ்வளவு கனம். அவர் கோபத்துக்குக் காரணமும் இருந்தது. முந்தின வருடம் யாரோ கேட்டைத் திறந்து போட்டுப் போய், கன்றுக்குட்டி ரோட்டுக்கு வந்து அடிபட்டதாம். நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இவன் துடித்தான், வக்கீல் தடுத்துவிட்டார். புகார் கொடுத்தவரை அணுகக் கூடாது என்பது பாண்ட் நிபந்தனை, மீறினால் திரும்ப ஜெயில். கடிதம் எழுதி அட்டர்னி மூலமாகக் கொடுத்தோம். கடைசியில் டைவர்ஷன் நிபந்தனைகள் இவை: வளைந்த இரண்டு கம்பிக்கான செலவு, கவுன்ட்டி நூலகத்தில் 24 மணி நேரச் சேவை, 300 டாலர் கட்டணம், ஒப்பந்தக் காலம் ஆறு மாதம். நிலத்துக்காரர் சரி என்றார்.

குறை சொல்ல வேண்டுமானால், இந்த மாதிரி வழக்குகளுக்கு மாதத்தில் ஒரே நாள்தான். போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி, மூன்று தடவை. டைவர்ஷன் கொடுப்பது முழுக்க அட்டர்னியின் விருப்பம், எல்லா கவுன்ட்டியிலும் கிடைக்காது, பழைய வழக்கு இருந்தால் ரொம்பக் கஷ்டம்.

அப்புறம், டிஸ்மிஸ் ஆனதும் பதிவையே அழிக்க மனு போடலாம். அதற்கு முன்னால் கிளார்க் ஜன்னலில் கோர்ட் முத்திரை போட்ட வழக்கு நகல்களை வாங்கிவிடுங்கள், அழித்த பிறகு எடுக்க முடியாமல் போகலாம். எப்போதாவது கைதானது உண்டா என்று விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவம் கேட்கிறது, வழக்கு தள்ளுபடியானாலும் ஆமாம் என்றுதான் எழுத வேண்டும், அப்போது கையில் அந்தக் காகிதம் வேண்டும். இவன் நான்கு வாங்கினான். ஒன்று சென்னையில் விசா ஸ்டாம்பிங்குக்காகச் சித்தியின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.