‘வேண்டாதவர்’ யார்? தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு: ஒரு மதிப்புரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939இல் பிற்சேர்க்கையாகவும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை, சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது. பிறர் விருப்பத்துக்கு ஆளாகாத ஒருவரைக் குறிக்க நாம் அன்றாடம் வழங்கும் ‘வேண்டாதவர்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இது எவ்வளவு உதவுகிறது என்பதை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், இலக்கிய மேற்கோள் என்ற வரிசையில் பதிவுகளை அமைத்திருப்பதே இவ்வகராதியின் பெரும்பலம். ‘வேண்டுதல் வேண்டாமை இலானடி’ என்னும் குறளில் வெறுப்பைக் குறிக்கும் ‘வேண்டாமை’, ‘வேண்டாமை அன்ன விழுச்செல்வம்’ என்னும் குறளில் அவாவின்மையாகிய உயர்ந்த நிலையைக் குறிக்கிறது. இத்தகைய பொருள்வேறுபாட்டை நூலிலிருந்தே சான்று காட்டி விளக்கும் முறையை, வையாபுரிப் பிள்ளை முதலிய பதிப்பாசிரியர்களின் உழைப்பு நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

வாழும் வழக்கில்தான் குறை தெரிகிறது. பேச்சுச் சொற்களுக்கு வழக்குக் குறிப்பு இருக்குமே தவிர, அவற்றை எங்கே எப்படிச் சொல்கிறோம் என்று காட்டும் வாக்கியம் பெரும்பாலும் இராது. ‘வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம்’ என்ற பழமொழியில் வெறுக்கப்படுபவளின் அவலம் முழுவதும் அந்த ஒரு பெயரெச்சத்தில் இருக்கிறது. ‘வேண்டாதவர்கள் யாரோ கிளப்பிவிட்ட பேச்சு’ என்னும்போதோ திசை மாறி, நமக்குத் தீங்கு நினைப்பவரைப் பெயர் சொல்லாமல் சுட்டுகிறோம். ‘அவருக்கும் இவருக்கும் ஆகாது’ என்றால் குற்றம் எவர் மீதும் விழுவதில்லை. ‘எனக்குக் கத்தரிக்காய் ஆகாது’ என்றால் உடம்புக்கு ஒவ்வாது என்றே பொருள். ‘பிடிக்காதவர்’ என்பதோ ஒருவரின் மனநிலையை மட்டும் சொல்வது. இந்த நுண்மைகளே மொழி கற்பவரை இடறச் செய்பவை என்பதால், இவை இல்லாதது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

வினைகள் ‘வேண்டு-தல்’ என்ற வடிவில் பதிவாகியிருப்பதால், எதிர்மறை வடிவம் தனியே கிடைக்காதபோது வினையடியில் தேட வேண்டும். பழைய நூல் படிப்போருக்கு இப்பதிப்பைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இன்றைய வழக்கை அறிய விரும்புவோர், எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வரும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது.